வீட்டுக்குள் வைத்த மேயர் லெமன் ஏன் இலையைக் கொட்டுகிறது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு ஆட்களுக்கும் உதவும். கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடி அப்பார்ட்மென்ட். போன ஜூனில் இரண்டரை அடி உயரமான மேயர் லெமன் மரமொன்றை நான்கு பிஞ்சுகளோடு வாங்கினீர்கள். கோடை முழுக்கப் பல்கனியில் வடிவாக நின்றது. ஒக்டோபரில் உள்ளே எடுத்து, தெற்குப் பார்த்த பல்கனிக் கதவோடு ஒட்டித் தரையில் வைத்தீர்கள். டிசம்பர் நடுவில் தொடங்கிய இலை உதிர்வு இன்னும் நிற்கவில்லை. இப்போது ஜனவரியில் பாதி மரம் மொட்டை. ஹீற்றர் வெக்கைக்குக் காய்கிறதாக்கும் என்று இரண்டு நாளுக்கு ஒருதடவை தண்ணீர் விடுகிறீர்கள், உரமும் போட்டிருக்கிறீர்கள். மாமி எறியச் சொல்கிறார். எறியவா?

எறிய வேண்டாம். ஆனால் தண்ணீரை இன்றைக்கே நிறுத்துங்கள், உரத்தை ஏப்ரல் வரைக்கும் தொடாதீர்கள்.

முதலில் மரம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளையின் நுனியில் நகத்தால் மெல்லக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறமாக, காய்ந்து இருந்தால் இரண்டு அங்குலம் கீழே வந்து திரும்பக் கீறுங்கள். அப்படியே அடிமரம் வரைக்கும் வரலாம். பாதி இலை இன்னும் நிற்கிற மரத்தில் பச்சை தெரியாமல் இருக்காது. செத்த நுனிகளை இப்போது வெட்ட வேண்டாம். வசந்தத்தில் எங்கே துளிர்க்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டலாம்.

இலை ஏன் கொட்டுகிறது என்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தேசி, தோடை வகை மரங்களின் வேர் 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் 22 பாகை இருக்கிறதே என்று சொல்வீர்கள். அது உங்கள் தோள் உயரத்தில். ரொறன்ரோவின் பழைய மாடிக் கட்டடங்களில் வீட்டுத் தரையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல்கனியும் ஒரே கொங்கிரீட் பலகை. வெளியே மைனஸ் 15 என்றால் அந்தக் குளிர் பலகை வழியாக நேரே கதவடிக்கு வரும். கதவோரம் வெறுங்காலோடு நின்று பாருங்கள், தெரியும். உங்கள் மரம் மூன்று மாதமாக அங்கேதான் நிற்கிறது, அதுவும் ஈரமான மண்ணில்.

மேலே கதை வேறு. தெற்குக் கண்ணாடியால் வெயில் வருகிறது. வெயில் பட்ட இலை அறையை விடச் சூடாகிறது, தண்ணீரை ஆவியாக விடுகிறது, கீழே வேரிடம் இன்னும் கேட்கிறது. வேரோ விறைத்துப்போய்க் கிடக்கிறது, அனுப்ப முடியவில்லை. மரத்துக்கு இருக்கிற ஒரே வழி, செலவு பண்ணுகிற இலையைக் கழற்றி விடுவது. அதைப் பார்த்து நாங்கள் மரத்துக்குத் தாகம் என்று நினைத்து ஊற்றுகிறோம். தொண்டை அடைத்தவனுக்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் வைத்த மாதிரி. குளிர்ந்த மண்ணில் அந்தத் தண்ணீர் அப்படியே நிற்கும், மண்ணில் காற்று இல்லாமல் போகும், வேர் அழுகும், இன்னும் இலை கொட்டும்.

என் முதல் மரத்தை நான் இப்படித்தான் கொன்றேன். கலமொண்டின் என்கிற சின்னத் தோடை. பெப்ரவரியில் கடைசி இலையும் விழுந்த பிறகுதான் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேரைத் தொட்டால் தோல் மட்டும் உறைமாதிரிக் கழன்று கையில் வந்தது. நல்ல வேர் வெளிர் மஞ்சளாக, உறுதியாக இருக்கும். கறுத்து, கழன்று, சேற்று மணம் அடித்தால் அழுகல்.

அதனால் இன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாடியைக் கதவடியிலிருந்து தூக்கி ஒரு ஸ்ரூலின் மேலோ மரப்பெட்டியின் மேலோ வையுங்கள். அடியில் ஒரு துண்டு ஸ்ரைரோஃபோம் போட்டால் இன்னும் நல்லது. வெளிச்சம் வேண்டும் என்பதால் யன்னலுக்குக் கிட்டவே நிற்கட்டும், ஆனால் இலை கண்ணாடியில் முட்டக்கூடாது, ஹீற்றரின் சூட்டுக்காற்று நேரே அடிக்கவும் கூடாது. அடித்தட்டில் தண்ணீர் நின்றால் ஊற்றி விடுங்கள். பிறகு சமையலறையில் இறைச்சி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கிற வெப்பமானி இருக்கிறதல்லவா, அதைக் கழுவிவிட்டு மண்ணில் நான்கு அங்குலம் குத்துங்கள். 18க்கு மேலே காட்டினால் வேருக்குப் பயமில்லை. என் கணக்கில் இந்த மரம் வளர்ப்பதற்கு வாங்க வேண்டிய முதல் கருவி அந்த வெப்பமானிதான், உரம் அல்ல.

அடுத்தது வெளிச்சம். டிசம்பர் 21 அன்று ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலத்துக்கும் ஐந்து நிமிடம் குறைவு. யாழ்ப்பாணத்தில் அதே நாள் பதினொன்றரை மணித்தியாலப் பகல் இருக்கும். அங்கே மத்தியானச் சூரியன் வானத்தில் 57 பாகை உயரத்தில் நிற்கும்போது இங்கே 23 பாகையில் தவழ்கிறது. சூரியன் இப்படித் தாழ்வாக வருவதில் ஒரு லாபம் உண்டு: தெற்கு யன்னலால் அறைக்குள் ஆழமாக விழும். ஆனால் நவம்பர், டிசம்பரில் பாதி நாள் மூட்டம்தான். கோடை வெளிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு என்றால், எங்கள் வரவேற்பறை வெளிச்சம் முந்நூறு, ஐந்நூறு. எங்கள் கண் அதைச் சரிக்கட்டிக்கொள்கிறது, இலை சரிக்கட்டாது.

ஆகவே ஒரு எல்இடி லைற் வாங்குங்கள். ஊதா, ரோசா நிறத்தில் வருகிற லைற் தேவையில்லை. அது வேலை செய்யும்தான், ஆனால் வரவேற்பறை கிளப் மாதிரி இருக்கும். சாதாரண வெள்ளை வெளிச்சமுள்ள வளர்ப்பு லைற், உண்மையில் இழுக்கிற மின்சாரம் 30, 40 வாற் இருந்தால் இந்த அளவு மரத்துக்குக் காணும். பெட்டியில் கொட்டை எழுத்தில் '1000 வாற்றுக்குச் சமம்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மரத்தின் உச்சிக்கு ஒரு அடி மேலே தொங்கவிட்டு, ரைமரில் பூட்டி, காலை ஏழு தொடக்கம் இரவு எட்டு, ஒன்பது வரைக்கும் எரிய விடுங்கள். இரவில் அணைய வேண்டும்.

இந்த மரத்தைக் குளிர்காலம் கடத்துவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சூடான அறை, நிறைய வெளிச்சம், வளர்ந்துகொண்டே இருக்கட்டும் என்பது. மற்றது, 7 இலிருந்து 13 பாகைக்குள் குளிரான ஆனால் வெளிச்சமான இடத்தில் தூங்க விட்டு, மாதம் ஒருதடவை கொஞ்சம் தண்ணீர் காட்டுவது. ஐரோப்பாவில் பிரபுக்கள் தோடை மரங்களைக் காப்பாற்றியது இரண்டாவது வழியில். வெர்சாய் அரண்மனைக்குக் கீழே 1684க்கும் 1686க்கும் இடையில் கட்டின ஒரஞ்சரியில், அதாவது தோடை மரங்களின் குளிர்காலக் கூடத்தில், பெரிய தெற்கு யன்னல்களும் தடித்த சுவர்களும்தான் உண்டு. பெட்டி பெட்டியாக மரங்களை ஒக்டோபரில் உள்ளே தள்ளி, மே மாதம் வெளியே எடுப்பார்கள். தனி வீட்டில் கண்ணாடி போட்ட முன்கூடம் இருக்கிறவர்கள் இதைச் செய்யலாம். அப்பார்ட்மென்ட்காரருக்கு முதல் வழிதான் சரிவரும். இரண்டையும் கலந்து தலைக்குச் சூடு, காலுக்குக் குளிர் என்று வைப்பதுதான் ஆபத்து. உங்கள் வீட்டில் நடந்தது அந்தக் கலப்புத்தான்.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருதடவை என்று எல்லாரும் கேட்பார்கள். நாள் கணக்கில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். இலை குறைந்த மரம் தண்ணீர் குடிப்பதும் குறைவு. உங்களுடையது பாதி மொட்டை என்பதால் இப்போதிருக்கிற ஈரம் காயவே இரண்டு மூன்று கிழமை செல்லலாம். இரண்டு அங்குலத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் விட வேண்டாம். அதைவிடச் சாடியைத் தூக்கிப் பார்த்துப் பழகுவது திறம். தண்ணீர் விட்ட கையோடு ஒருதடவை தூக்கி அந்தப் பாரத்தை மனதில் வைத்துக்கொண்டால், காய்ந்த பிறகு தூக்கும்போது வித்தியாசம் கைக்கே தெரியும். விடும்போது அரைகுறையாக விடாமல், அடித்துளையால் வடியும் வரைக்கும் விட்டு, தட்டில் தேங்கினதைக் கொட்டிவிட வேண்டும். தை, மாசியில் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியின் குளிரோடு வரும். அதை அப்படியே ஊற்றினால் சூடாக்கின வேரைத் திரும்ப விறைக்க வைத்த மாதிரி. ஒரு வாளியில் முதல் நாளே பிடித்து வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு விடுங்கள்.

மண்ணுக்கு மேலே சின்னக் கறுப்பு ஈ பறக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். ஈரம் கூடிப்போன மண்ணில் முட்டையிடுகிற ஈ அது. தண்ணீரைக் குறைத்தால் தானாகக் குறையும். சிலர் ஊரில் கறிவேப்பிலைக்கு விடுகிற மாதிரி மோர் கரைத்து விடச் சொல்வார்கள். வளவில் அது சரி. மூடின வீட்டுக்குள் ஒரு கிழமையில் புளித்த மணமும் ஈயும்தான் மிஞ்சும்.

கறிவேப்பிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் குளிர்காலத்துக்குக் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்து வைக்காத தமிழ் வீடு குறைவு. அதுவும் தேசியும் ஒரே குடும்பம், வில்வமும் அப்படியே. அதனால் உங்கள் அனுபவம் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆபத்தும் அதே வழியால் வரும்: ஒன்றில் பூச்சி பிடித்தால் மற்றதுக்கும் தாவும். இரண்டையும் ஒட்டி வைக்காதீர்கள்.

பூச்சி விசயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். குளிருக்குத் தப்பின மரங்கள் பல பூச்சியில் போயிருக்கின்றன. வெளியே மழையும் காற்றும் மற்றப் பூச்சிகளும் செய்கிற வேலையை வீட்டுக்குள் செய்ய ஆள் இல்லை. ஹீற்றர் ஓடுகிற அப்பார்ட்மென்டில் காற்றின் ஈரப்பதன் 20, 30 வீதத்துக்கு இறங்கிவிடும். சிலந்திப்பேனுக்கு அது சொர்க்கம். கண்ணுக்கு லேசில் தெரியாத அளவு சின்னது. இலையின் மேற்பக்கம் ஊசி குத்தின மாதிரிப் பொடிப்பொடியாக வெளிறும், இலைக் கணுவில் மெல்லிய நூல் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அது தூசி இல்லை.

இதற்கு மருந்து தேட முன்னர் மரத்தைக் குளிப்பாட்டுங்கள். சாடியின் வாயைப் பிளாஸ்ரிக் பையால் கட்டி, மண்ணுக்குள் தண்ணீர் போகாமல், குளியலறையில் இளஞ்சூட்டுத் தண்ணீரால் இலையின் அடிப்பக்கம் முழுக்க அடித்துக் கழுவ வேண்டும். கிழமைக்கு ஒருதடவை இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது. காலையில் தெளிப்பான் வைத்துப் புஸ் புஸ் என்று இலைக்கு அடிக்கிறார்களே, அது மனத்திருப்திக்குத்தான். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

இரண்டாவது எதிரி செதில் பூச்சி. இலையின் நடு நரம்போடும் பச்சைத் தண்டிலும் மண்ணிறப் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அசையாது. மரத்தின் பகுதி என்றே நினைப்பீர்கள். நகத்தால் தட்டினால் கழன்று வரும். அது சாறு குடித்துவிட்டு விடுகிற கழிவு தேன் மாதிரிக் கீழே சிந்தும். தரை, யன்னல் ஓரம், கீழ் இலைகள் எல்லாம் பிசுபிசுக்கும், பிறகு அதில் கரும்பூஞ்சணம் பிடிக்கும். பூக்காத மரத்துக்குக் கீழே தரை ஒட்டினால் செதில் பூச்சியைத் தேடுங்கள். மாவுப்பூச்சியும் இதே கதைதான், பஞ்சு மாதிரிக் கணுவில் இருக்கும். இரண்டுக்கும் 70 வீத ரப்பிங் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுப்பதுதான் நல்ல வழி. நாரி நோகிற வேலை. முடிந்த பிறகு பூச்சிக்கென்று விற்கிற சவர்க்காரத் தெளிப்பை இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி அடித்து, ஐந்தாறு நாள் விட்டு இன்னும் இரண்டு தடவை செய்யுங்கள். முட்டையிலிருந்து வருகிறதை முதல் தடவை பிடிக்க முடியாது. பாத்திரம் கழுவுகிற திரவத்தைப் பாவிக்க வேண்டாம், அது இலையைச் சுடும்.

வேப்பெண்ணெய் அடிக்கலாமோ என்று கட்டாயம் கேட்பீர்கள். நாங்கள் வேம்பின் கீழே வளர்ந்த ஆட்கள். கனடாவில் அது பூச்சிமருந்தாகப் பதிவு செய்யப்படவில்லை. கடையில் 'இலைக்குப் பளபளப்பு' என்ற பெயரில் கிடைக்கும். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மணமும் மூடின வீட்டுக்குள் இரண்டு நாள் நிற்கும். எனக்குச் சவர்க்காரமும் பஞ்சுக் குச்சியுமே போதுமாக இருந்திருக்கிறது.

வசந்தத்துக்கு வருவோம். வெளிச்சமும் சூடும் சரியாக இருந்தால் பங்குனி அளவில் மொட்டைக் கிளைகளில் துளிர் வரும். அப்போது வளர்த்தியைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டலாம். ஏப்ரலில் உரம் தொடங்கலாம். தழைச்சத்து (நைதரசன்) மணிச்சத்து, சாம்பல்சத்து இரண்டையும் விட இரண்டு மூன்று மடங்கு கூடவும், இரும்பு, துத்தநாகம், மங்கனீசு சேர்ந்தும் இருக்கிற உரமாகப் பாருங்கள். செப்டெம்பரோடு நிறுத்துங்கள். டிசம்பரில் நீங்கள் போட்ட உரம் விறைத்த வேருக்கு உப்பாகத்தான் போயிருக்கும். அதனால் மண் ஒருதடவை நன்றாகக் காய்ந்த பிறகு, அடுத்த முறை தண்ணீர் விடும்போது சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவி வடிய விடுங்கள்.

இலை மஞ்சளாவதைப் படிக்கப் பழகினால் பாதி வைத்தியர் ஆகிவிடலாம். பழைய கீழ் இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணம் நின்று மற்றது மஞ்சளானால் மக்னீசியம். ஒரு லீற்றரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்புக் கரைத்து விடலாம். புதுத் துளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்பு. ஆனால் இரும்பு மண்ணில் இல்லாமல் போவது குறைவு, எடுக்க முடியாமல் போவதுதான் கூட. வேர் குளிர்ந்தாலும், ஈரம் கூடினாலும், மண்ணின் காரத்தன்மை ஏறினாலும் இப்படித் தெரியும். இந்த மரம் கேட்பது pH அளவில் 5.5 இலிருந்து 6.5 வரை, அதாவது கொஞ்சம் அமிலமான மண். எங்கள் ஏரித்தண்ணீர் கொஞ்சம் காரம், கொஞ்சம் கடினம். வருடக்கணக்கில் விட விட மண் அந்தப் பக்கம் சாயும். கோடையில் மழைத்தண்ணீர் பிடித்து விடுங்கள். குளிர்காலத்தில் பல்கனியில் விழுந்த சுத்தமான ஸ்னோவை வாளியில் அள்ளி, உருகி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு விடலாம். பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை. உப்புப் போட்ட நடைபாதையிலிருந்து அள்ளக்கூடாது.

சாடி மாற்றுவதென்றால் துளிர் வருகிற காலத்தில், இப்போதையதை விட இரண்டு அங்குலம் மட்டும் அகலமானதுக்கு. பெரிய சாடியில் வைத்தால் கெதியாக வளரும் என்று நினைக்காதீர்கள். வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு புளிக்கும். பீற் என்கிற மக்கிய பாசி, பட்டைத்தூள், பெர்லைற் என்கிற வெள்ளைப் பொரிகல் கலந்த, தண்ணீர் கெதியாக வடிகிற கலவை வேண்டும். தோட்டத்து மண் வேண்டாம்.

வெளியே எடுக்கிற நாள், விக்ரோறியா நாள் விடுமுறைக்குப் பிறகு, அதாவது மே 25க்கு முந்திய திங்கள் கழிந்து. யன்னல் வெளிச்சத்தில் வளர்ந்த இலையை நேரே மே மாத வெயிலில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் வெந்து வெள்ளையாகும். முதலில் பல்கனியின் நிழலில் இரண்டு மூன்று நாள், பிறகு காலை வெயில் ஒரு மணித்தியாலம், அப்புறம் இரண்டு, இப்படிப் பத்து நாள் எடுங்கள். உள்ளே எடுப்பது இரவுச் சூடு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது. இங்கே பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி. ஒக்டோபர் நடுவரை விட்டால், குளிர்ந்த வெளியிலிருந்து சூடான வீட்டுக்கு ஒரே நாளில் வருகிற அதிர்ச்சியும் சேரும். எடுக்கும் முன்னர் இலையின் அடியைப் பார்த்துக் கழுவ மறக்காதீர்கள்.

கோடையில் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று கிடந்து, கிட்டப் போனால் தலையைத் தூக்கிச் சிவப்புக் கொம்பு இரண்டை நீட்டி ஒரு நெடி விட்டால் பயப்படாதீர்கள். தெற்கு ஒன்ராறியோவின் 'ஜயன்ற் சுவலோரெயில்' என்கிற வால் வைத்த பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழு அது. ஊர்த் தேசி மரத்தில் கண்ட புழுவுக்கு இது சொந்தம். கனடாவின் மிகப்பெரிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்று, பிரிக்லி ஆஷ் என்கிற முள்ளுக் காட்டுச் செடியில் முட்டையிடும். தேசி இலை கிடைத்தாலும் விடாது. ஒன்றிரண்டு என்றால் நான் விட்டுவிடுவேன். நான்கைந்து வந்தால் சின்ன மரம் தாங்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் வருகிற மரங்கள் பல, வேறொரு அடிமரத்தில் ஒட்டப்பட்டவை. ஒட்டுக்குக் கீழேயிருந்து மூன்று மூன்று சிற்றிலையோடு, நீண்ட முள்ளோடு ஒரு தண்டு வேகமாக எழும்பினால் அது மூவிலைத் தோடை, அடிமரத்தின் சொந்தப் பிள்ளை. வடிவாக வளர்கிறதே என்று விட்டால் இரண்டு வருடத்தில் மேலே இருக்கிற மேயரைப் பட்டினி போட்டு, தான் மட்டும் நிற்கும். முளையிலேயே கிள்ளி விடுங்கள். மேயர் தண்டு வெட்டி வைத்தாலே வேர் விடும் என்பதால் ஒட்டில்லாத மரங்களும் உண்டு. உங்களுடையதில் அடித்தண்டில் ஒரு வளைவோ தழும்போ தெரிகிறதா என்று பாருங்கள்.

பூ மாசி, பங்குனியில் வரும், வீடு முழுக்க மணக்கும். உள்ளே தேனீ இல்லை என்று கவலைப்படத் தேவையில்லை. ஒரு சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ தடவி விட்டால் காணும், தடவாமலும் சிலது பிடிக்கும். நூறு பூவில் இரண்டு மூன்று காயானாலே நல்ல கணக்கு, மற்றது உதிர்வது இயல்பு. இந்த வருடம் மட்டும் வருகிற பிஞ்சில் ஒன்று இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். இந்த வகை மரம் தன் சேமிப்பின் பெரும் பங்கை இலையில்தான் வைத்திருக்கும். பாதி இலை போனதென்றால் வங்கியில் பாதிக் காசு போனது மாதிரி. அந்த நிலையில் காயையும் சுமக்க வைப்பது சரியில்லை.

ஊரிலிருந்து நல்ல தேசிக் கன்று ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வரலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. இறக்குமதி அனுமதி இல்லாமல் கன்று கொண்டுவருவது சட்டப்படி தவறு. காரணமும் வலுவானது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னச் சாறுண்ணிப் பூச்சி பரப்புகிற பச்சையாதல் நோய் 2005 இல் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டித் தோடை தந்த அந்த மாநிலம் 2023-24 இல் 2 கோடிக்கும் குறைவாகத்தான் தந்தது. புயலும் நிலவிற்பனையும் சேர்ந்துதான், ஆனால் முதல் காரணம் இந்த நோய். அந்தப் பூச்சி கறிவேப்பிலையிலும் நன்றாக வாழும்.

அது போக, வீட்டுக்குள் வளர்ப்பதற்கு மேயரை விட ஊர்த் தேசி கடினம். மேயருக்குச் சாடி வாழ்க்கை புதிது இல்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்காகச் செடி தேடித் திரிந்த ஃபிராங்க் மேயர் இதைக் கண்டது பீக்கிங் பக்கத்தில், அலங்காரத்துக்குச் சாடியில் வளர்த்த செடியாக. 1908 இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். பிறகு இதில் ஒரு வைரஸ் மறைந்திருப்பது தெரிந்து, அது இல்லாத ஒரு மரத்திலிருந்து பெருக்கி, 1975 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இன்று கடையில் கிடைப்பது அந்தத் திருத்தின வகை. மரபணுப்படி பாதி லெமன்கூட இல்லை, பம்பளிமாசும் மண்டரினும் சிற்றன் என்கிற தடித்த தோல் பழமும் கலந்தது. புளிப்பும் மெல்லியது. சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளி வேண்டுமென்றால் ஏமாற்றம்தான். புளிப்பே முக்கியம் என்றால் அடுத்த தடவை கலமொண்டின் வாங்குங்கள். பழம் கோலிக்குண்டு அளவுதான், ஆனால் நல்ல புளி, வீட்டுக் குளிர்காலத்தையும் மேயரை விடப் பொறுத்துக்கொள்ளும். என்னுடையதை நான் கொன்றது என் கெட்டித்தனம்.

இப்போது மரத்தில் நிற்கிற நான்கு பழங்களையும் எடுத்துவிடுங்கள். ஜூனில் பிஞ்சாக இருந்ததென்றால் ஜனவரிக்குப் பெரும்பாலும் முற்றியிருக்கும். முட்டை மஞ்சள் நிறம் வந்தால் சரியான பருவம். இழுத்துப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், இழுத்தால் பழத்தின் தோல் கிழியும், கிளையும் நோகும். பச்சையாக இருப்பது பறித்த பிறகு இனிக்காது, சாறாக்கிப் பாவியுங்கள். தோல் மெல்லியதால் ஊறுகாய்க்குக் கரைந்துவிடும். பிளேன்ரீக்கு நல்லது, இரண்டு துளி போதும். மாமிக்கும் ஒரு கோப்பை கொடுங்கள், பங்குனியில் துளிர் வரும்வரை எறிகிற கதையை எடுக்கமாட்டார்.